தலைப்பாகையின் தரப்பு

முப்பத்தோராம் பக்கத்தில் வருகிறேன்.
முப்பத்தோராம் பக்கத்திலேயே சாகிறேன்.
எனக்கு வசனம் கிடையாது.
"கடா வருகிறது. வராவிட்டால் காத்திருக்கிறார்கள்."
அடைப்புக்குறிக்குள்
அவ்வளவுதான் நான்.

கொஷிட்சேயில், மூடிப்போன ஒரு சலவைக்கடையின் நிலவறையில்
பத்தொன்பது இரவுகள் ஓடிய நாடகம்.
அதில் ஆட்களுக்குப் பெயர் இல்லை.
தகப்பன், மகன், தூதன்.
மலைக்கு ஓர் இஸ்திரி மேசை.
விறகுக்கு மடக்கு நாற்காலிகள்.
கத்தி மட்டும் நிஜம்.
ரதோவான் வீட்டிலிருந்து கொண்டுவருவான்,
ஆட்டம் முடிந்ததும் கழுவி எடுத்துப்போவான்,
விடிந்தால் அதே கத்தியில்தான் அவன் பிள்ளைகளுக்கு ரொட்டி.

இருபதாம் இரவு பனி கொட்டியது.
டிராம் பணிமனைக்குப் பக்கத்தில் வந்து
பெருமூச்சு விட்டு நின்றுகொண்டது.
காகிதக் கூழில் செய்த தலை,
கசாப்புக் கடையில் கேட்டு வாங்கிய அசல் கொம்பு,
எந்தப் பைக்கும் அடங்காததால்
தலையிலேயே மாட்டியிருந்தேன்.
வலது கொம்பு பிடிவாரில் சிக்கிக்கொள்ள
இரவுப் பணிக்குப் போகும் ஒரு செவிலி
எழுந்து நிதானமாக விடுவித்தாள், காரணம் கேட்காமல்.
எதிரே இருந்த சிறுமிதான் கேட்டாள்:
"உன்னை வெட்டுவாங்களா?"
"எட்டு மணிக்கு."
அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
"தாண்டிடுச்சே."

க்வெதா அழைத்தாள். கிசுகிசுப்பு.
"எங்கே தொலைந்தாய்? அவன் கையை ஓங்கி இருபது நிமிஷம்."
"தூதனை நிறுத்தச் சொல்."
"சொல்லியாயிற்று. அவனும் நிறுத்திவிட்டான்.
இறக்கத்தான் முடியவில்லை.
ஓங்கிய கை வெறுமனே இறங்காதாம்."
"மகன்?"
"குறட்டை."
"ஜனங்கள்?"
"முதலில் சிரித்தார்கள்."

இறங்கி நடந்தேன்.
ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்து
என் கால் செருப்பா குளம்பா என்று முகர்ந்து
குழம்பித் திரும்பியது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று
என்று பெருமூச்சு விடுகிறார்கள்.
தலைப்பாகையை யாரும் விசாரித்ததில்லை.

உருக்காலையில் இருபத்தாறு வருஷம் இருந்தேன்.
ஒரு வெள்ளிக்கிழமை
பட்டியலுக்கு நாற்பது பேர் வேண்டியிருந்தது.
முப்பத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள்.
திபோருக்கு அந்த வாரம்தான் மகள் பிறந்திருந்தாள்.
மேலாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.
கதவோரம், கையெழுத்துக்கு வரிசையில், நான்.
அன்றும் எனக்கு வசனம் கிடையாது.
கிறிஸ்துமஸ் தோறும் திபோர் ஒரு புட்டி அனுப்புகிறான்.
ஒன்பது புட்டிகள்.
ஒன்றையும் திறக்கவில்லை, ஒன்றையும் திருப்பவில்லை.

நிலவறைப் படியில் இறங்கித் திரை இடுக்கால் பார்த்தேன்.
பதினொரு பேரில் யாரும் எழுந்து போகவில்லை.
இரண்டு பேர் மேடைக்கே ஏறியிருந்தார்கள்,
குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல்.
தகப்பனின் முழங்கையை இந்தப் பக்கம் ஒருத்தி,
அந்தப் பக்கம் ஒருத்தன்
தாங்கிப் பிடித்திருந்தார்கள்.
கத்தி கூரை விளக்கில் மினுங்கியது.
தூதன் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து
சுளை சுளையாக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான்.
இதில் எதுவும் பிரதியில் இல்லை.
இத்தனை நாளில் நான் பார்த்த
ஆகச் சிறந்த காட்சி அதுதான்.
என்னால்தான் அது.
நான் நுழைந்தால் முடிந்துவிடும்.

பின்வாங்கினேன்.
வரிசையாய்த் தொங்கிய ஈரக் கோட்டுகளுக்குள்
இரண்டு கொம்பும் மாட்டிக்கொண்டன.
இழுத்தால் கம்பி முழுக்கச் சரியும்.
அசையாமல் நின்றேன்.
கம்பளி நாற்றம், யாரோ ஒருவரின் புகையிலை,
பனி உருகி என் கழுத்தில் சொட்டியது.

கோட்டு வாங்கிவைக்கும் இலோனா
குறுக்கெழுத்திலிருந்து நிமிர்ந்தாள்.
"கோட்டா, ஆளா?"
யோசிக்க நேரம் கேட்டேன்.
சரி என்று ஒரு பித்தளை வில்லையை
இடது கொம்பில் கட்டிவிட்டு
ஏழெழுத்தில் ஒரு நதியின் பெயர் கேட்டாள்.

உள்ளே
கை இன்னும் இறங்கவில்லை.